அம்மன் அட்டைக்குள் மூன்று கொலை

விழுப்புரத்துப் புத்தகக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மேடம். உங்களுக்கு நேரமாவும்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் அலுவலகம் முடிந்து அந்தக் கடைக்குப் போவேன். திண்டிவனம் ரயிலை விடுவேன். அதற்கடுத்த ரயிலையும் விடுவேன். கடைசியில் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு போய்ச் சேர்வேன். மே மாதம் பத்து நாள் என் கணவரின் ஊருக்குப் போகும்போது ஆளுக்கொரு புத்தகம் எடுத்துப்போவது எங்கள் வீட்டு வழக்கம். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. யார் கொடுத்த பொறுப்பு என்று கேட்காதீர்கள். யாரும் செய்யாத வேலைகள் எல்லாம் எப்படி என்னிடம் வந்து சேர்ந்தனவோ, அப்படித்தான் இதுவும்.

கடையில் நின்றபடியே கணவருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, உங்களுக்கு இன்னா புக்கு வேணும்?"

"எதுனா வாங்கினு வாயேன்."

இந்த ‘எதுனா’வை நம்பிக் கெட்டுப்போன பெண்கள் எத்தனை பேரோ. நான் ஒரு நாவலின் அட்டையைப் பார்த்துச் சொன்னேன்.

"நாவலா? அழுதுக்கினே கெடப்பாங்க. வேணாம்."

"பயணக் கட்டுரை?"

"அவன் சுத்துன ஊர நான் படிச்சி இன்னா பண்றது?"

"அப்ப வரலாறு?"

"ஆங், வரலாறு ஓகே. ஆனா தேதி ரொம்ப வரக் கூடாது."

இதைச் சொன்னவர் இருபத்தெட்டு வருஷமாகப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவர்.

அதற்குள் மகள் நிலா குரல் பதிவு அனுப்பியிருந்தாள். வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்க்கிறவள். அவளுக்குப் பேய்க் கதை வேண்டும். ஆனால் சிரிக்க வைக்கும் பேய் கூடாது. காதல் ஒரு பக்கம் வந்தாலும் மூடி வைத்துவிடுவாளாம். நமக்குத் தெரிந்த மாதிரி ஊரில் நடக்க வேண்டும், ஆனால் கிராமம் கூடாது. கடைக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல பேய் வரணும்ன்றாங்க" என்றார். அவருக்கு விளையாட்டாக இருந்தது. எனக்குக் கால் வலித்தது.

ஊரில் இருக்கும் என் ஓரகத்தி தனக்கோடி அக்காவுக்கு, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவிக்கு, அரை நிமிஷத்தில் ஒரு சமையல் புத்தகத்தை எடுத்தேன். கேப்பை, கம்பு, சாமையில் விதவிதமான பலகாரம். பெரிய எழுத்து, வண்ணப் படம். அவருக்கு மட்டும் நான் போன் போட்டுக் கேட்கவில்லை. இதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

கடைசியாக எனக்கு. ஒரு துப்பறியும் நாவல். நானூறு பக்கத்துக்குக் கொஞ்சம் மேல். மலை ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று கொலை நடக்கிறது என்று பின்னட்டை சொன்னது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. பின்னட்டை எழுதுகிறவர்களை நம்பக் கூடாது, வாய் தவறி எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

பதினேழாம் பக்கம்

எனக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு விடுமுறையில் ஒரு புத்தகத்தையாவது முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட வேண்டும். கேட்க அற்பமாக இருக்கும். கல்யாணமாகி வந்த நாளாக அது நடந்ததில்லை.

போன வருஷம் பதினேழாம் பக்கத்தில் நின்றது. அதற்கு முந்தைய வருஷம் முப்பத்திரண்டு வரை போனேன். அங்கே அடையாளத்துக்கு வைத்த கறிவேப்பிலைக் காம்பு இன்னும் காய்ந்து கிடக்கிறது. ஊரிலிருந்து திரும்பி வந்தால் அலுவலகம். ரயிலில் படிக்கலாமே என்பீர்கள். எங்கள் பெட்டியில் ஒரு பெண் புத்தகத்தைத் திறந்தால், பாவம் இவளுக்குப் பேச ஆளில்லை என்று நான்கு பேர் இரக்கப்பட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

முடிவு தெரியாமல் படிப்பதில் நான் கண்டிப்பானவள். அதற்கும் ஒரு காரணம் உண்டு. நான் பள்ளியில் படித்த காலத்தில் திண்டிவனத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் குனிந்து நிற்கிற இடம். உள்ளே போனால் நாப்தலின் உருண்டை வாசனையும் பழைய காகித வாசனையும் சேர்ந்து மூக்கைப் பிடிக்கும். அங்கே மர்மக் கதை எடுக்கிறவர்களில் ஒரு சண்டாளன் இருந்தான். கொலைகாரன் கதைக்குள் முதன்முதலாக வரும் இடத்தில் பென்சிலால் அம்புக்குறி போட்டு, ‘இவன்தான்’ என்று எழுதி வைப்பான். ஒரு புத்தகம் விடாமல் செய்தான். அவன் யாரென்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. இன்று அவன் பேரன் பேத்தி எடுத்து நல்லவனாகத் திரியலாம். நான் இன்னும் மன்னிக்கவில்லை.

காலண்டர் அட்டை

புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். அடுத்த நாள் என் கணவர் கத்தரிக்கோலும் பசையும் எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு ஒரு பழக்கம். எங்கள் வீட்டுக்குள் வரும் எந்தப் புத்தகமும் அட்டை போடாமல் இருக்கக் கூடாது. ஆசிரியர் புத்தி. பழைய மாதக் காலண்டர் தாள்களைப் பரணில் சுருட்டி வைத்திருப்பார். வழவழப்பான தடித்த தாள். வழக்கமாகப் படம் உள்ளே போகும், வெள்ளைப் பக்கம் வெளியே வரும், மேலே புத்தகத்தின் பெயரை எழுதிவிடுவார். இந்தத் தடவை கையில் அகப்பட்டது செக்கு எண்ணெய்க் கடை கொடுத்த சாமி காலண்டர்.

"சாமி மூஞ்சிய உள்ள மடக்கி ஒட்டுறது பாவம்" என்று படத்தை வெளியே வைத்து நான்கு புத்தகத்துக்கும் அட்டை போட்டுவிட்டார்.

"பேரு எழுதலியா?"

"சாமி மேல எப்டி எழுதுறது?"

நிலாவின் பேய்க்கு முருகன் கிடைத்தார். அவருடைய வரலாற்றுக்குப் பிள்ளையார். சமையலுக்கு மகாலட்சுமி. என்னுடைய மூன்று கொலைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன், கண்ணை உருட்டி, கையில் சூலத்தோடு.

"எப்டி கீது?" என்று தூக்கிக் காட்டினார். அந்த நேரத்தில் நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன்.

சாமி ரூம்

கணவரின் ஊர் மேல்மலையனூருக்கு மிக அருகில், செஞ்சியிலிருந்து போகும் வழியில் இருக்கிறது. குலதெய்வம் அங்காளம்மன். அமாவாசை வந்தால் கோவிலுக்கு வருகிற உறவுக்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் போவார்கள். நாங்கள் போகும் பத்து நாளுக்குள் எப்படியாவது ஒரு அமாவாசை வந்துவிடும். இதில் மட்டும் எங்கள் குடும்பத்துப் பஞ்சாங்கம் பிசகியதில்லை.

போன அன்று பையைக் கூடத்தில் வைத்துவிட்டு நான் நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். கணவர் பிள்ளையாரை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக் கட்டிலுக்குப் போனார். நிலா முருகனோடு மாடி ஏறினாள். மகாலட்சுமியை அக்காவின் கையில் நானே கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார். கம்பு அடை படம். அடுத்த பக்கத்தில் கேப்பைக் கூழ் படம்.

"ஏண்டி பரிமளா, முப்பது வருஷமா இத்தயே ஆக்கிக்கினு கீறேன். எனக்கு இன்னாத்துக்கு இதுல படம் போட்டுக் காட்ற?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. புத்தகத்தை அரிசி டிரம் மேல் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. என்னை யாரும் கேட்பதில்லை என்று ஊர் முழுக்கப் புலம்புகிற நான் அவரைக் கேட்டேனா? ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

மறுநாள் மத்தியானம் கொஞ்சம் ஓய்ந்ததும் என் புத்தகத்தைத் தேடினேன். பையில் இல்லை. கட்டிலடியில் இல்லை. கூடத்து அலமாரியில் இல்லை.

"அக்கா, பையில ஒரு புக்கு இருந்திச்சே, பாத்தீங்களா?"

"அம்மன் புக்கா? கண்ட எடத்துல துணியோட போட்டு வெக்கிறியே, உனக்கே நல்லா கீதா? நான்தான் எடுத்து வெச்சேன்."

சாமி ரூமில் எட்டிப் பார்த்தேன். அம்மன் படத்துக்குக் கீழே, குத்துவிளக்குக்குப் பக்கத்தில், என் மூன்று கொலை நெற்றியில் குங்குமத்தோடும் தலைமாட்டில் செவ்வரளிப் பூவோடும் உட்கார்ந்திருந்தது.

"கால் கழுவாத உள்ள வராத" என்றார் அக்கா. "படிக்கணும்னா குளிச்சிட்டு வந்து இங்கயே உக்காந்து படி. வெளிய எடுத்துக்கினு போவாத. எதிர் வூட்டுக்காரம்மா கையில சொல்லிட்டேன், என் ஓரகத்தி அம்மன் கத புக்கு வாங்கியாந்துகீறான்னு. அந்தம்மா கூட வந்து தொட்டுக் கும்பிட்டுப் போச்சு."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? அக்கா, நீங்கள் பூ வைத்தது மூன்று பேரைக் கொன்றவன் கதை என்றா? எதிர் வீட்டம்மா கும்பிட்டுவிட்டு வேறு போயிருக்கிறார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன்.

கணவரிடம் போய்ச் சொன்னேன். பிள்ளையார் அட்டையை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கட்டில் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

"சொல்லித் தொலைக்காத. அண்ணி மனசு கஷ்டப்படும்."

"எல்லாம் உங்களாலதாங்க! வெள்ளப் பக்கத்த வெளிய போட்டிருந்தா இந்தப் பேஜாரு வந்திருக்குமா?"

"சரி சரி. போற போக்குல ஒரு டீ சொல்லு."

நானும் முயன்றேன். அடுத்த நாள் விடியலிலேயே குளித்துவிட்டு, கால் கழுவி, அம்மன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குங்குமம் உதிராமல் புத்தகத்தைத் திறந்தேன். முதல் கொலை நடக்கும் நேரத்தில் பால்காரர் மணி அடித்தார். அன்றைக்கு நாலு பக்கம்.

"அடப்பாவி!"

நாலைந்து நாள் போயிருக்கும். வீட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. அக்காவின் பூஜை நீண்டுகொண்டே போயிற்று. அரை மணி நேரம் ஒரு மணி நேரமானது. ஒருநாள் காலை காப்பியே ஒன்பதைத் தாண்டித்தான் வந்தது. பெரிய மாமா, அதாவது அக்காவின் கணவர், கூடத்தில் முணுமுணுத்தார்.

"வயசாவுதுல்ல, பக்தி முத்திப்போச்சு."

நான் முற்றத்தில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தேன். செடியிலிருந்து வேர்க்கடலையைப் பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் செம்மண். அப்போது சாத்திய சாமி ரூமுக்குள்ளிருந்து தெளிவாக ஒரு குரல் கேட்டது.

"அடப்பாவி!"

அம்மனிடம் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். கையைக்கூடக் கழுவாமல் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். அக்கா மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் புத்தகத்தோடு இருந்தார். பாதிக்கு மேல் தாண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் காலை மடக்கினார்.

"கதவ சாத்துடி."

சாத்தினேன்.

"இது அம்மன் கத இல்ல" என்றார்.

"இல்லக்கா. நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்..."

"மூணாம் நாளே பாத்துட்டேன். அம்மன் அட்டைய பிரிச்சி எடுத்துடலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள அந்த நர்சுப் பொண்ணு செத்துப்போச்சு. யாரு இன்னான்னு தெரியாத எப்டி மூடி வெக்கிறது? அம்மா ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டா. அவளும் கெட்டவனத் தேடிப் பிடிக்கிறவ தானே? எனக்கு அந்த கம்பவுண்டரு மேலதாண்டி..."

"அக்கா! சொல்லாதீங்க!"

நான் கத்தியதில் குத்துவிளக்குச் சுடரே ஆடியது. பெரிய மாமா வெளியிலிருந்து என்ன சத்தம் என்று கேட்டார். ஒன்றுமில்லை, பல்லி என்றார் அக்கா.

அமாவாசை

அமாவாசைக்கு முந்தின நாள் அக்கா புத்தகத்தை முடித்துவிட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், தாளிக்கும்போது கடுகு வெடித்து முடித்தும் பருப்பைக் கொட்டாமல் நின்றார். "இன்னாக்கா?" என்றேன். ஏதோ சொல்ல வந்தார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினார்.

நான் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தேன். விடுமுறையில் மீதி இருந்தது மூன்று நாள்.

அமாவாசை அன்று உறவுக்காரர்கள் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். காலையில் இட்லி, மத்தியானம் சாம்பார் சாதம், சாயங்காலம் கோவிலில் அம்மன் ஊஞ்சல் உற்சவம் பார்க்கப் போகிறவர்களுக்குக் கட்டுச்சோறு. "ஜல்தி, ஜல்தி" என்று வாசலில் நின்று ஒரு சித்தப்பா விரட்டிக்கொண்டே இருந்தார். அவர் ஒரு தட்டைக்கூட நகர்த்தி வைக்கவில்லை. மாடியில் இருந்து நிலா இறங்கி வந்து, பேய்க் கதை முடிந்துவிட்டது, வேறு புத்தகம் இருக்கிறதா என்று கேட்டாள். என் கையில் அப்போது சாம்பார்க் கரண்டி இருந்தது. அடுப்பை விட்டு நகர முடியாததால் தப்பித்தாள்.

அன்று முழுவதும் அக்கா என் பக்கத்திலேயே நின்றார். இரண்டு தடவை என் காதருகே குனிந்து, "அந்த ரெண்டாவது..." என்று ஆரம்பித்துவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வருஷம் கழித்து ஒரு நல்ல கதை! அதையும் படிக்க நேரமில்லை. முடிவு தெரிந்தவர் பக்கத்தில் நின்று வெங்காயம் அரிகிறார்! அந்தப் பென்சில்காரனே புடவை கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் உறவுக்காரர்கள் போனதும் பாத்திர மலைக்கு முன்னால் உட்கார்ந்து நான் அழுதுவிட்டேன். அழுகை என்றால் பெரிய அழுகை இல்லை, மூக்கு நுனியில் நிற்கிற அழுகை. நாளைக்குக் கிளம்ப வேண்டும். இந்த வருஷம் நாற்பத்தொன்று. பதினேழுக்கு அது முன்னேற்றம்தான்.

அக்கா என் கையிலிருந்த தேங்காய் நாரைப் பிடுங்கினார்.

"எழுந்திரு. போய் குளி."

"குளிச்சிட்டேன்க்கா."

"இன்னொரு தபா குளி. கால் கழுவிக்கினு உள்ள போ. கதவ சாத்திக்கோ."

"மத்தியானச் சாப்பாடு?"

"நான் ஆக்குறேன். உன்னக் கேட்டா பூஜையில கீறான்னு சொல்றேன். யாரும் கூப்புட மாட்டாங்க."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பூஜையில கீறேன்னா இந்த வூட்ல ஒருத்தனும் தண்ணி குடு, துண்டு எடுன்னு கேக்க மாட்டான். முப்பது வருஷத்துல நான் உக்காந்த நேரம் அது ஒண்ணுதான். அவ்ளோ நேரமும் சாமியா கும்புட்டேன்னு நெனைக்கிற? பாதி நேரம் கும்புடுவேன். மீதி நேரம் செவுத்துல சாஞ்சிக்கினு சும்மா கெடப்பேன். உனக்கு ஒரு நாள் குடுத்தா அம்மா இன்னா கோச்சிக்கப் போறாளா? போ."

எத்தனை வருஷம் அந்தச் சாத்திய கதவைப் பார்த்து, இந்த அக்காவுக்கு வேலை செய்யாமல் தப்பிக்கப் பூஜை ஒரு சாக்கு என்று நான் மனசுக்குள் பொருமியிருக்கிறேன்! சாக்குதான். ஆனால் எனக்கு அந்தப் புத்தி தோன்றவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். சூடமும் வாடிய அரளியும் கலந்த வாசனை. சுவரில் சாய்ந்தேன். அந்த இடத்தில் சுவர் எண்ணெய்ப் பிசுக்கோடு வழவழவென்று இருந்தது. அக்காவின் தலை பட்டுப் பட்டு ஆன இடம். நானும் காலை நீட்டிக்கொண்டேன். நாற்பத்தோராம் பக்கம்.

வெளியில் பெரிய மாமா என்னைக் கேட்பது காதில் விழுந்தது. நிலா சார்ஜர் கேட்டாள். என் கணவர் இரண்டு முறை டீ கேட்டார். ஒவ்வொரு முறையும் அக்காவின் குரல்: "அவ பூஜையில கீறா." உடனே அமைதி. மத்தியானம் கதவிடுக்கில் ஒரு தட்டு சோறு உள்ளே வந்தது. இரண்டாவது கொலையில் நானும் "அடப்பாவி" என்றேன். கம்பவுண்டர் மேல் எனக்கும் சந்தேகம் வந்தது. பிறகு போனது. பிறகு மறுபடி வந்தது.

வெயில் சாய்ந்த நேரத்தில் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. புத்தகத்தை அம்மன் முன்னால் வைத்து, கழன்றிருந்த பூவை எடுத்து மறுபடி வைத்தேன். அது நன்றிக்காக வைத்ததுதான்.

கதவைத் திறந்தேன். அக்கா வாசற்படியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு வேலை முடிந்ததிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறார் போலிருந்தது. அவரைச் சுற்றி அவ்வளவு மல்லாட்டைத் தோல்.

"ஆச்சா?"

"ஆச்சுக்கா."

"முழுசா? கடைசிப் பக்கம் வரைக்கும்?"

"முழுசா."

"மூணு நாளா வாயக் கட்டிக்கினு கீறேன்டி. சொல்ல ஒரு ஆளு இல்லாத நெஞ்செல்லாம் அடச்சிக்கினு கீது. இப்ப பேசலாமா?"

அதற்குள் வேப்பமரத்தடியிலிருந்து என் கணவர் குரல் வந்தது. "பரிமளா, பூஜ முடிஞ்சிதா? ஒரு டீ..."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"இல்லீங்க, இன்னும் பூஜையிலதான் கீறோம்" என்று நான் சத்தமாகச் சொன்னேன். அக்கா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.